தோற்றால் 20 சதவீதம் தள்ளுபடி

பிளாக்ஜாக்கில் ஒருவர் கேசினோவைக் காலி செய்தார் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "சீட்டை எண்ணியிருப்பான்" என்றுதான் பதில் வரும். சினிமா நம்மை அப்படிப் பழக்கி வைத்திருக்கிறது. கணிதத்தில் புலி, கண்ணை மூடினால் எண்கள் பறக்கும், பின்னாலேயே கோட்டு போட்ட தடியர்கள் வருவார்கள். எண்ணுவது பொய் இல்லை. ஆனால் ஒரு ஆட்டத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டி ஆடுகிறவர்களின் உலகத்தில் அது கதையின் சின்னப் பகுதிதான். அங்கே உண்மையான கணக்கு, சீட்டுக்கட்டைத் தொடுவதற்கு முன்பே, பேரம் பேசும் அறையில் நடக்கிறது.

டான் ஜான்சன் என்ற அமெரிக்கரின் கதையைப் படித்த பிறகுதான் எனக்கு இது உறைத்தது. 2011 ஏப்ரலில் நியூ ஜெர்சி மாநிலத்தின் அட்லாண்டிக் சிட்டியில் உள்ள டிராபிகானா கேசினோவில், சுமார் பன்னிரண்டு மணி நேரத்தில் ஏறக்குறைய 58 லட்சம் டாலர் ஜெயித்தார். அதற்கு முந்தைய சில மாதங்களில் அதே ஊரின் போர்கேட்டா கேசினோவில் 50 லட்சம், சீசர்ஸ் கேசினோவில் 40 லட்சம். மூன்றையும் கூட்டினால் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி டாலர். சீட்டை எண்ணவில்லை என்று அவரே சொன்னார். நான் அதை நம்புகிறேன், ஏனென்றால் அவர் பேசி வாங்கிய நிபந்தனைகளைப் பார்த்தால் எண்ண வேண்டிய அவசியமே இல்லை.

அதற்குப் போகும் முன், எண்ணுவது என்றால் என்ன, பெரிய பணத்தோடு அதைச் செய்வது ஏன் இவ்வளவு சிரமம் என்று பார்த்துவிடலாம்.

பிளாக்ஜாக்கில், கையில் உள்ள சீட்டுகளின் கூட்டல் 21-ஐத் தாண்டாமல், சீட்டுப் போடும் கேசினோ ஆளான டீலரைவிட அதிகம் வைத்திருப்பவர் ஜெயிப்பார். ஜாக், குயீன், கிங் மூன்றும் பத்தாகவே கணக்கு, ஏஸ் ஒன்றாகவோ பதினொன்றாகவோ கணக்கு. மேஜையில் விழுந்த சீட்டு, அடுத்து கலைக்கும்வரை திரும்பி வராது. அதனால் டீலர் சீட்டு எடுக்கும் பெட்டிக்குள் மிச்சம் இருப்பது என்ன என்பது ஒவ்வொரு ஆட்டத்திலும் மாறுகிறது. பத்துகளும் ஏஸ்களும் அதிகம் மிச்சமிருந்தால் ஆடுபவருக்கு நல்லது. முதல் இரண்டு சீட்டிலேயே 21, அதாவது பிளாக்ஜாக், விழுவதற்கு வாய்ப்பு கூடும். டீலருக்கும் அதே வாய்ப்புதான், ஆனால் நமக்கு விழுந்தால் கட்டிய பணத்துக்கு ஒன்றரைப் பங்கு கிடைக்கும், அவருக்கு விழுந்தால் நாம் கட்டியது மட்டும்தான் போகும். கையில் பதினாறு இருந்தால் நாம் பேசாமல் நிற்கலாம். டீலர் பதினேழு வரும்வரை எடுத்தே ஆகவேண்டும், பத்து விழுந்தால் அவர் கதை முடிந்தது.

எண்ணும் முறை இவ்வளவுதான்: 2 முதல் 6 வரை வந்தால் ஒன்றைக் கூட்டு. பத்து, ஜாக், குயீன், கிங், ஏஸ் வந்தால் ஒன்றைக் கழி. 7, 8, 9 வந்தால் சும்மா இரு. மேஜையில் கிங், 5, 9, 3, 2, ஏஸ், 6 என்று விழுகிறது என்று வையுங்கள். பழகிய ஆள் இதை ஒவ்வொன்றாகக் கூட்ட மாட்டார். கிங்கும் 5-ம் ஒன்றையொன்று அடித்துவிடும், ஏஸும் 6-ம் அதேபோல. 9 கணக்கிலேயே இல்லை. கண்ணில் மிஞ்சுவது 3-ம் 2-ம். ஆக, பிளஸ் இரண்டு. பெட்டியில் இன்னும் நான்கு கட்டுகள் மிச்சம் என்றால் அந்த இரண்டை நான்கால் வகுக்க வேண்டும், அரைதான் வரும். ஆரம்பப் பள்ளிக் கணக்கு. ஒரு கட்டை வைத்துக்கொண்டு வீட்டில் செய்து பார்த்தால், 52 சீட்டும் முடியும்போது பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ கண் தவறியிருக்கிறது.

இதன் பலன் எவ்வளவு? எப்போது எடுக்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்ற அடிப்படை முறைப்படி தப்பில்லாமல் ஆடினால், சாதாரண நல்ல மேஜையில் கேசினோவின் சாதகம் ஏறக்குறைய அரை சதவீதம். வகுத்து வந்த அந்த எண் ஒன்று கூடினால் ஆடுபவர் பக்கம் இன்னொரு அரை சதவீதம் நகரும். அதாவது பிளஸ் ஒன்றில் சமநிலை, பிளஸ் மூன்றில் ஆடுபவருக்கு ஏறக்குறைய ஒரு சதவீத சாதகம். அப்போது பெரிதாகக் கட்டு, மற்ற நேரத்தில் சில்லறையாகக் கட்டு. அவ்வளவுதான் ரகசியம்.

ரகசியம் என்று சொல்வதும் தப்பு. 1956-லேயே அமெரிக்க ராணுவத்தில் இருந்த நான்கு பேர், ரோஜர் பால்ட்வினும் அவர் நண்பர்களும், மேஜைக் கால்குலேட்டரைத் தட்டித் தட்டி அடிப்படை ஆட்டமுறையைக் கணக்கிட்டு ஒரு புள்ளியியல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். அதைப் படித்த எட்வர்ட் தார்ப் என்ற கணிதப் பேராசிரியர், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் இருந்த ஐபிஎம் 704 கணினியில் ஒரு கேள்வியை ஓட்டிப் பார்த்தார்: கட்டிலிருந்து நான்கு 5-களையும் எடுத்துவிட்டால் என்ன ஆகும்? சாதகம் அப்படியே ஆடுபவர் பக்கம் சாய்ந்தது. 1961-ல் இதை அமெரிக்கக் கணிதச் சங்கத்தில் வாசித்தார். பிறகு வேறு ஆட்களின் 10,000 டாலர் முதலோடு, லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்துக்குப் போய் 11,000 டாலர் ஜெயித்துக் காட்டினார். 1962-ல் புத்தகமாகவும் போட்டார். 1964-ல் லாஸ் வேகாஸ் கேசினோக்கள் பயந்துபோய் விதிகளை இறுக்கின. கூட்டம் குறைந்ததும் சத்தமில்லாமல் பழைய விதிக்குத் திரும்பின. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. புத்தகம் வாங்கியவர்களில் ஒழுங்காக எண்ணத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு, தனக்கும் எண்ணத் தெரியும் என்று நம்பி வந்து பணத்தை விட்டவர்கள் ஏராளம். தார்ப் கேசினோக்களுக்குச் செய்த விளம்பரத்தை வேறு யாரும் செய்யவில்லை.

சரி, ஒரு சதவீத சாதகம் கையில் இருக்கிறது. அப்புறம் என்ன, கொட்ட வேண்டியதுதானே?

இங்கேதான் ஏற்ற இறக்கம் குறுக்கே வருகிறது. ஒரு ஆட்டத்துக்கு 10,000 டாலர் கட்டி, ஒரு சதவீத சாதகத்தோடு நூறு ஆட்டம் ஆடினால், சராசரியாகக் கிடைக்க வேண்டியது 10,000 டாலர். ஆனால் அந்த நூறு ஆட்டத்தின் இயல்பான அலைச்சல் 1,15,000 டாலர் அளவுக்கு மேலேயும் கீழேயும் போகும். அதாவது எல்லாவற்றையும் சரியாகச் செய்த ஒருவர், ஒரு லட்சம் டாலர் தோற்று எழுந்திருப்பதில் விசேஷம் ஒன்றுமே இல்லை. பெல் ஆய்வகத்தின் ஜான் கெல்லி 1956-ல் எழுதிய சூத்திரம் இதற்கு ஒரு வரம்பு போடுகிறது. ஒரு சதவீத சாதகத்துக்கு, கையிருப்பில் முக்கால் சதவீதத்துக்கு மேல் கட்டாதே என்கிறது. 10,000 டாலர் கட்ட வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 13 லட்சம் டாலர் இருப்பு வேண்டும். அனுபவசாலிகள் அந்த அளவில்கூடப் பாதிதான் கட்டுவார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது இவர்களுக்கு வேதவாக்கு.

பணம் இருந்தாலும் மேஜை கிடைக்க வேண்டும். எண்ணுகிறவரைக் காட்டிக்கொடுப்பது அவர் முகமோ முணுமுணுப்போ இல்லை, அவர் கட்டும் தொகை. இருபது நிமிடம் நூறு டாலர் கட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று ஐந்தாயிரம் வைத்தால், மேலே கேமராவில் பார்ப்பவருக்கு வேறு சாட்சி வேண்டாம். அவரும் கூடவே எண்ணிக்கொண்டிருப்பார். கேசினோ இன்னொன்றும் செய்யும். பெட்டியில் ஆறு கட்டுகள் இருக்கும், ஆனால் கலைக்க வேண்டிய இடத்தைக் காட்டும் பிளாஸ்டிக் சீட்டைப் பாதியிலேயே செருகிவிடும். எண்ணிக்கை சூடுபிடிப்பது கடைசிப் பகுதியில்தான். ஆறில் மூன்று கட்டு போனதும் கலைத்துவிட்டால், எண்ணியது அத்தனையும் வீண். எண்ணுகிறவர் ஒரு புதுக் கேசினோவுக்குள் நுழைந்ததும் முதலில் பார்ப்பது அந்தப் பிளாஸ்டிக் சீட்டு எங்கே நிற்கிறது என்பதைத்தான்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் குழு ஆட்டம். 1970-களில் அல் பிரான்செஸ்கோ என்பவர் யோசித்த வழி: நான்கைந்து பேர் வெவ்வேறு மேஜைகளில் உட்கார்ந்து எப்போதும் ஒரே சின்னத் தொகையைக் கட்டிக்கொண்டு எண்ணுவார்கள். மேஜை சூடானதும் கையைக் கட்டுவதோ கன்னத்தைத் தொடுவதோ ஒரு சைகை. பணக்காரர் வேஷத்தில் சுற்றும் இன்னொருவர் வந்து உட்கார்ந்து பெரிதாகக் கட்டுவார், சூடு தணிந்ததும் எழுந்து போய்விடுவார். அவர் கட்டும் தொகை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வந்தது முதல் பெரிய தொகைதான். எம்.ஐ.டி. மாணவர் குழுக்கள் பிற்பாடு செய்ததும் இதே முறைதான். பிரான்செஸ்கோவின் குழுவில் பழகிய கென் யூஸ்டன், பசிபிக் பங்குச்சந்தையில் மூத்த துணைத்தலைவராக இருந்தவர். அவரை அட்லாண்டிக் சிட்டியின் ரிசார்ட்ஸ் கேசினோ வெளியே போகச் சொன்னது. அவர் வழக்குப் போட்டார். 1982-ல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம், எண்ணத் தெரிந்த ஒரே காரணத்துக்காகக் கேசினோ தானாகவே ஒருவரைத் தடுக்க முடியாது என்று சொன்னது. நெவாடாவில் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே "சார், உங்க ஆட்டம் எங்களுக்கு ரொம்ப அதிகம்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்.

ஆனால் நியூ ஜெர்சித் தீர்ப்பு சொல்லாத ஒன்று உண்டு. ஒருவரைத் தடுக்கக் கூடாது என்றதே தவிர, அவருக்கு நல்ல மேஜை கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. சீக்கிரம் கலைக்கலாம், கட்டும் தொகைக்கு வரம்பு வைக்கலாம். நல்ல மேஜை வேண்டுமென்றால் கேசினோ தானாக மனம் வைத்துக் கொடுக்க வேண்டும். ஜான்சன் புகுந்தது அந்த இடைவெளியில்தான்.

அவர் தொழில்முறைச் சீட்டாட்டக்காரர் இல்லை. கணினி வழியாகக் குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டும் ஒரு நிறுவனத்தை நடத்தியவர். குதிரைப் பந்தயத்தில், நிறையக் கட்டுபவர்களுக்குக் கட்டிய தொகையில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுப்பது பழைய வழக்கம். அந்த ரிபேட்டாலேயே லாபத்தில் நிற்கும் ஆட்கள் உண்டு. ஆகவே கேசினோ "தோற்றால் தள்ளுபடி" என்று வாயெடுத்ததும், மற்ற பணக்காரர்கள் அதை மரியாதையாக நினைத்துக்கொண்ட இடத்தில், இவர் அதை ஒரு விலையாகப் படித்திருப்பார் என்பது என் ஊகம்.

அட்லாண்டிக் சிட்டி அப்போது தேய்ந்துகொண்டிருந்தது. 2006-ல் 520 கோடி டாலரைத் தொட்ட கேசினோ வருமானம் அதன்பிறகு வருடாவருடம் இறங்கியது. பக்கத்துப் பென்சில்வேனியாவில் கேசினோக்கள் திறந்துவிட்டன, 2008-ன் பொருளாதாரச் சரிவும் சேர்ந்துகொண்டது. பெரிய கையை எப்படியாவது இழுத்து வர வேண்டிய நெருக்கடி. ஜான்சனுக்கு டிராபிகானா ஒப்புக்கொண்டதைப் பாருங்கள்: ஆறு கட்டு, கையால் கலைக்க வேண்டும். ஏஸ் சேர்ந்த பதினேழில் டீலர் நிற்க வேண்டும். ஒரே எண்ணில் ஜோடி விழுந்தால் இன்னொரு பங்கு கட்டி இரண்டு கையாகப் பிரிக்கலாம், இப்படி நான்கு கை வரை போகலாம், பிரித்த பிறகும் இன்னும் ஒரே ஒரு சீட்டுக்காகத் தொகையை இரட்டிக்கலாம். இப்படி ஒவ்வொன்றாகச் சுரண்டி, கேசினோவின் சாதகத்தைக் கால் சதவீதத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். ஒரு ஆட்டத்துக்கு ஒரு லட்சம் டாலர் வரை கட்டலாம். ஐந்து லட்சமோ அதற்கு மேலோ தோற்றால் 20 சதவீதம் தள்ளுபடி. இதெல்லாம் போதாதென்று, வந்து உட்கார்ந்ததற்கே கையில் பல்லாயிரம் டாலர் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. கரும்பு தின்னக் கூலி.

தள்ளுபடி என்ன செய்கிறது என்று நானே ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். சாதகம் யாருக்கும் இல்லாத, நாணயம் சுண்டுவது போன்ற ஆட்டம் என்று முதலில் வைத்துக்கொள்வோம். ஐந்து லட்சம் ஜெயித்தால் எழுந்துவிடுவேன், ஐந்து லட்சம் தோற்றாலும் எழுந்துவிடுவேன். தள்ளுபடி இல்லையென்றால் சராசரி பூஜ்யம். தள்ளுபடி இருந்தால், பாதித் தடவை ஐந்து லட்சம் வரவு, பாதித் தடவை நான்கு லட்சம்தான் செலவு. சராசரியாக ஒரு தடவைக்கு 50,000 டாலர் எனக்கு.

இப்போது கேசினோவின் கால் சதவீதத்தை உள்ளே விடுங்கள். ஆட்டத்துக்கு 25,000 டாலர் கட்டினால், ஐந்து லட்சம் மேலேயோ கீழேயோ போய்ச் சேர ஏறக்குறைய முந்நூறு ஆட்டம் ஆகும். ஒரு ஆட்டத்தில் கேசினோவுக்குச் சராசரியாக 62 டாலர் சொச்சம். முந்நூறுக்கு 19,000 டாலர் என்று வைப்போம். எனக்கு இன்னும் 31,000 டாலர் மிச்சம். இதையே ஒரு லட்சமாகக் கட்டினால் இருபது ஆட்டத்திலேயே விஷயம் முடிந்துவிடும். கேசினோவுக்கு 5,000 டாலர்தான் சேரும். கேசினோவின் பலமே ஆட்டக்காரரை நீண்ட நேரம் உட்கார வைப்பதில்தான் இருக்கிறது, பெரிய தொகையும் சீக்கிரம் எழுந்திருக்கும் உரிமையும் சேர்ந்து அதைப் பிடுங்கிக்கொள்கின்றன. பெரிதாகக் கட்டச் சொல்லிக் கெஞ்சியதும் கேசினோதான் என்பதை நினைத்தால், சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இந்தக் கணக்கு முழுக்க ஒரே ஒரு சொல்லில் தொங்குகிறது: தள்ளுபடியை எப்போது கணக்குப் பார்ப்பது. ஒவ்வொரு தடவைக்கும் தனியாகப் பார்த்தால் மேலே சொன்னது பலிக்கும். வருடம் முழுக்க வரவு செலவைச் சேர்த்து, கடைசியில் தோல்வி மிஞ்சினால் மட்டும் 20 சதவீதம் என்றால், அதே தள்ளுபடிக்கு மதிப்பு பெரும்பாலும் ஆவியாகிவிடும், ஏனென்றால் அதற்குள் ஆயிரக்கணக்கான ஆட்டம் ஓடி, கால் சதவீதம் தன் வேலையைக் காட்டியிருக்கும். குறைந்தது இத்தனை ஆட்டம் ஆடினால்தான் தள்ளுபடி என்று ஒரு வரி சேர்த்தாலும் அதே கதிதான். டிராபிகானா பக்கம் இதை யாராவது ஒரு பிற்பகல் உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தால் போதும். வியாபாரத்தைக் கொண்டுவருகிற ஆள் வேறு, கணக்குப் பார்க்கிற ஆள் வேறு என்றிருக்கும் எந்த நிறுவனத்திலும் இப்படி நடக்கும் என்று நினைக்கிறேன்.

அதற்காக ஜான்சனுக்கு அதிர்ஷ்டம் இல்லை என்று சொல்ல வரவில்லை. இந்த ஒப்பந்தத்தின் சராசரி லாபம் ஒரு தடவைக்குச் சில பத்தாயிரங்கள். 58 லட்சம் என்பது அந்தப் பக்கம் அடித்த பெரிய அலை. டிராபிகானாவில் ஒரு ஆட்டத்தை அவர் பிற்பாடு விவரித்திருக்கிறார். ஒரு லட்சம் கட்டியிருக்கிறார், கையில் இரண்டு 8 விழுகிறது. பிரிக்கிறார், இரண்டு லட்சம். மறுபடியும் இரண்டு 8. அவற்றையும் பிரிக்கிறார், நான்கு கை, நான்கு லட்சம். அந்த நான்கின் மேலும் விழுந்தவை 3, 3, 2, 2. அதாவது பதினொன்று, பதினொன்று, பத்து, பத்து. நான்கிலும் இரட்டிக்க வேண்டிய இடம். மேஜையில் எட்டு லட்சம் டாலர். டீலர் இருபத்தொன்றைத் தாண்டிப் போய்விட்டார்.

இந்த ஆட்டத்தில் அவர் செய்த எந்த முடிவிலும் துணிச்சல் என்று ஒன்றும் கிடையாது. 8 ஜோடி என்றால் பிரி, டீலர் பக்கம் பலவீனமான சீட்டு என்றால் பத்திலும் பதினொன்றிலும் இரட்டி. அடிப்படை முறை அட்டையில் அச்சாகியிருக்கும் வரிகள் இவை. வித்தியாசம், நான்கு கை வரை பிரிக்கலாம், பிரித்த பிறகும் இரட்டிக்கலாம் என்று முன்பே பேசி வைத்திருந்தது. அப்படியே எட்டு லட்சமும் போயிருந்தாலும் அன்றைய பில் 6,40,000 என்றுதான் வந்திருக்கும், அது அவருக்குத் தெரியும்.

சாதாரண ஆட்டக்காரருக்கு இதே பெயரில் கிடைக்கும் மேஜையையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பல இடங்களில் பிளாக்ஜாக்குக்கு ஒன்றரைப் பங்குக்குப் பதில் ஐந்துக்கு ஆறுதான். பத்து டாலருக்கு 15 வர வேண்டிய இடத்தில் 12. சின்ன வித்தியாசமாகத் தெரியும். கேசினோவின் சாதகத்தில் ஏறக்குறைய 1.4 சதவீதம் கூடிவிடும். ஜான்சன் மாதக்கணக்கில் பேசிக் குறைத்ததைவிட இது பல மடங்கு.

அந்தக் கேசினோக்களில் பிறகு அவருக்குப் பழைய நிபந்தனைகள் கிடைக்கவில்லை. ஜெயித்த பணம் அவரிடமே இருந்தது, யாரும் வழக்குப் போடவில்லை, போட இடமும் இல்லை. இரண்டு தரப்பும் எழுதி ஒப்புக்கொண்ட விதியில் ஆடினார்கள்.

அதே போர்கேட்டாவில், அடுத்த வருடமே, பேரம் பேசி வந்த இன்னொருவருக்கு இது வேறு மாதிரி முடிந்தது. ஃபில் ஐவி, புகழ்பெற்ற போக்கர் ஆட்டக்காரர். அவர் ஆடியது பாக்கரா என்ற வேறொரு சீட்டாட்டம், பிளாக்ஜாக் இல்லை. ஆனால் வழி அதேதான், உட்காரும் முன் கேட்பது. தனி அறை வேண்டும். மாண்டரின் பேசும் டீலர் வேண்டும். குறிப்பிட்ட நிறுவனத்தின் ஊதாச் சீட்டுகள் வேண்டும். இயந்திரம்தான் கலைக்க வேண்டும். கேசினோ எல்லாவற்றுக்கும் தலையாட்டியது. அந்தச் சீட்டுகளின் முதுகில் இருந்த வடிவம் இரண்டு ஓரங்களிலும் ஒரே மாதிரி வெட்டப்படவில்லை. அவரோடு கூட்டாளியாக வந்த ஒரு பெண், டீலரிடம் ராசிக்காக என்பதுபோல நல்ல சீட்டுகளை மட்டும் தலைகீழாகத் திருப்பி வைக்கச் சொல்வார். இயந்திரம் கலைத்தாலும் சீட்டு திரும்பாது. அடுத்த சுற்றில் முதுகைப் பார்த்தே நல்ல சீட்டு எது என்று தெரிந்துவிடும். 2012-ல் போர்கேட்டாவில் அவர்கள் ஜெயித்தது 96 லட்சம் டாலர். அதே வருடம் லண்டனின் கிராக்ஃபோர்ட்ஸில் 77 லட்சம் பவுண்ட்; அங்கே பணத்தையே கொடுக்கவில்லை.

ஐவி பொய் சொல்லவில்லை, தான் செய்வது ஏமாற்று இல்லை என்று உண்மையாகவே நம்பினார் என்பதை லண்டன் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டன. ஆனாலும் 2017-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், அவர் நம்புவது முக்கியமில்லை, செய்தது ஏமாற்றுதான் என்றது. அமெரிக்க நீதிபதி கொஞ்சம் வேறு மாதிரி போனார். மோசடி இல்லை, ஆனால் நியூ ஜெர்சிக் கேசினோ சட்டப்படி இது அடையாளமிட்ட சீட்டில் ஆடியதற்குச் சமம், அதனால் ஒப்பந்த மீறல் என்று, 2016-ல் ஒரு கோடிக்கும் சற்று அதிகமான டாலரைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்.

எனக்கு இதில் இன்னும் நெருடல் உண்டு. கேசினோ அந்தக் கோரிக்கைகளை ஒப்புக்கொண்டது, பணக்காரரின் மூடநம்பிக்கை தனக்கு லாபம் என்று நினைத்துத்தான். ஜான்சனுக்குத் தள்ளுபடி கொடுத்ததும் அதே நினைப்பில்தான். ஒருவர் காகிதத்தில் இருந்த ஓட்டையில் நுழைந்தார், இன்னொருவர் சீட்டின் முதுகில் இருந்ததில். கோடு எங்கே என்று கேட்டால், டீலருக்கே தெரியாமல் அவர் கையைத் தனக்காக வேலை செய்ய வைத்த இடம் என்று நீதிபதிகள் சொன்னது புரிகிறது. ஆனால் அந்தக் கோடு அவ்வளவு தடித்தது என்று எனக்குத் தோன்றவில்லை. ஐவியும் போர்கேட்டாவும் 2020-ல் மேல்முறையீட்டின் நடுவே சமரசத்துக்கு வந்தார்கள்.